கைவிசேஷத்துக்கு நின்ற வரிசை

சந்திரவதனாவும் ரதியும் கதைப்பதில்லை. அக்காவும் தங்கச்சியும் ஒரே வீதியில், நேருக்கு நேர் இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால் நின்று வேலை செய்கிறார்கள். ஆனாலும் மூன்று கிழமையாக ஒரு வார்த்தை இல்லை. போன இதழைத் தவறவிட்டவர்களுக்காக அது ஏனென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்காபரோவின் அஜின்கோர்ட் பகுதியில் ஓர்மிஸ்டன் ட்ரஸ்ட் என்றொரு சிறிய நிறுவனத்தின் கிளை இருந்தது. ட்ரஸ்ட் என்ற பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். வங்கி செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்தது. காசு போடலாம், எடுக்கலாம், வீடு வாங்கக் கடன் கேட்கலாம். ஸ்காபரோவில் தொடங்கி பீற்றர்பரோ வரை மொத்தம் ஏழு கிளைகள். அந்த ஏழையும், கூடவே ஒரு சின்ன இன்சூரன்ஸ் கொம்பனியையும் ஓர்மிஸ்டன் ஹோல்டிங்ஸ் என்ற தாய்க் கொம்பனி வைத்திருந்தது. தாய்க் கொம்பனியைக் கிழவர் ஓர்மிஸ்டன் வைத்திருந்தார். சந்திரவதனா அங்கே கவுண்டரில் நின்று காசு வாங்கிக் கொடுக்கிறவள்.

எதிர்ப்பக்கம் பெரிய பாங்க். நாடு முழுவதும் கிளை பரப்பியிருந்த பாங்க் அது. ஆனால் அது பின்னேரம் நேரத்தோடு கதவை மூடிவிடும், சனிக்கிழமை திறக்காது. ஓர்மிஸ்டன் இருட்டும் வரை திறந்திருக்கும், சனிக்கிழமையும் திறந்திருக்கும். தொழிற்சாலையில் வேலை செய்கிற எங்கள் சனத்துக்கு இது போதாதா? அதோடு, உள்ளே போனால் பொட்டு வைத்த ஒரு பெண் "வாங்கோ, இருங்கோ" என்று சொல்லுவாள். ஒரு வருஷத்துக்குள் ஸ்காபரோத் தமிழரில் பாதிப்பேர் ஓர்மிஸ்டன் வாடிக்கையாளர்கள் ஆகிவிட்டார்கள்.

எதிர்ப் பாங்க் மனேஜர் இதையெல்லாம் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துவிட்டு இரண்டு காரியம் செய்தார். சனிக்கிழமை திறந்தார். ஒரு தமிழ்ப் பெண்ணை வேலைக்கு எடுத்தார். அந்தப் பெண்தான் ரதி.

எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு ஊரை விட்டு வந்து, அகதி வழக்கு முடியாமல், அக்காவின் பேஸ்மென்ட்டில் இருந்தவள் ரதி. நிரந்தரமாக ஒரு வேலை இருந்தால் வழக்குக்குப் பலம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். ஓர்மிஸ்டனில் இடம் இல்லை. எதிர்ப் பக்கத்தில் இடம் கிடைத்தது, போனாள். அதற்குச் சந்திரவதனா சொன்ன வார்த்தைகளைப் போன கிழமை எழுதும்போதே எனக்குக் கை கூசியது. திரும்ப எழுதவில்லை. ரதி பெட்டியைத் தூக்கிக்கொண்டு டோர்செட் பார்க்கில் இரண்டு சிநேகிதிகளோடு அப்பார்ட்மென்ட் எடுத்துப் போய்விட்டாள். அவ்வளவுதான் கதை.

*

எண்பத்தாறாம் ஆண்டுச் சித்திரை மாதம். திங்கட்கிழமை தமிழ் வருஷப்பிறப்பு. அதற்கு முந்திய சனிக்கிழமையைப் பற்றித்தான் இந்தக் கிழமை சொல்லப்போகிறேன். அதற்கும் முதல், புதன்கிழமை நடந்த ஒரு பேச்சை நீங்கள் தெரிந்திருக்க வேண்டும்.

புதன்கிழமை மத்தியானம் கிளை மனேஜர் பேனாட் சந்திரவதனாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். பேனாட் மட்டக்களப்புப் பறங்கியர், போர்த்துக்கேயர் வழி வந்தவர். வாடிக்கையாளர் முன்னால் எப்போதும் ஆங்கிலம்தான் பேசுவார். மனம் குழம்பினால் மட்டும் மட்டக்களப்புத் தமிழ் வெளியே வந்துவிடும். அன்றைக்குக் கதவைச் சாத்தியதுமே தமிழ்தான் வந்தது.

"கொம்பனிய விக்கச் சொல்லிக் கிழவரக் கேக்கிறானுகள் புள்ள. எதிர்ப்பக்கத்தானுகள்தான். இந்த மாசம் முடியிறதுக்குள்ள பதில் சொல்லணுமாம்."

பேனாட் விளக்கமாகச் சொன்னார். போன இலையுதிர் காலத்தில் மேற்கே இரண்டு வங்கிகள் மூடப்பட்டபோது தொடங்கிய பயம் இது. சின்ன இடத்தில் காசு வைத்திருந்தவர்கள் பெரிய இடத்துக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். போடும் காசுக்கு அரசாங்கத்தின் காப்புறுதி உண்டு என்று சுவரில் எழுதி ஒட்டியும் பலனில்லை. பயந்தவன் சுவரை வாசிப்பதில்லை. கிழமைக்கு நாலு பேர், ஐந்து பேர் என்று கணக்கை மூடிக்கொண்டு போனார்கள். ஆனால் கிழவருக்கு விற்க மனமில்லை. இந்த மாதம் முழுக்கச் சனம் போகாமல் நின்றால், விற்கமாட்டேன் என்று சொல்லிவிடுவதாகப் பேனாட்டிடம் வாக்குக் கொடுத்திருந்தார்.

விற்றால் என்ன ஆகும் என்று சந்திரவதனா கேட்டாள். இரண்டு கிளையும் ஒன்றாகும், இந்தக் கதவை மூடிவிடுவார்கள் என்றார் பேனாட். ஆட்களில் சிலரை எடுப்பார்கள். அதைச் சொல்லிவிட்டு அவளுடைய முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார்.

"தமிழ் கதைக்க அங்க ஏற்கனவே ஒராள் இருக்கு. ரெண்டு பேர் என்னத்துக்கு எண்டு கேப்பானுகள்."

அந்த ஓராள் யார் என்று அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது சந்திரவதனா ஒன்றையே நினைத்துக்கொண்டு போனாள். ஓர்மிஸ்டன் நின்றால் தனக்கும் வேலை, ரதிக்கும் வேலை. ஓர்மிஸ்டன் விழுந்தால் இருவரில் ஒருவருக்குத்தான். கோபம் வேறு, தங்கச்சியின் வழக்கு வேறு. எப்படியாவது ஓர்மிஸ்டனை நிற்க வைக்க வேண்டும். அதற்குப் புதுச்சனம் வேண்டும்.

நல்லது செய்யப் புறப்படுகிறவர்களைக் கண்டால் எனக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. சந்திரவதனா அன்று புறப்பட்டாள்.

அவளுக்குத் தோன்றியது கைவிசேஷம். வருஷப்பிறப்பன்று நல்ல நேரம் பார்த்து வீட்டுப் பெரியவர் மற்றவர்களுக்குக் காசு கொடுப்பார். அந்தக் காசு கசங்காத புது நோட்டாக இருக்க வேண்டும். போன வருஷம் புது நோட்டுக்கு எங்கள் சனம் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரு பாங்கில் "பழைய நோட்டுக்கு என்ன குறை?" என்று ஒருவரைக் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த முறை ஓர்மிஸ்டனில் புது ஒரு டொலரும் இரண்டு டொலரும் கட்டுக்கட்டாக வைத்திருந்தால், அதை வாங்க வருகிறவர்கள் அங்கேயே ஒரு கணக்கும் திறந்துவிட்டுப் போவார்கள். அடுத்த நாள் காலை சொன்னபோது பேனாட்டுக்கு யோசனை பிடித்துக்கொண்டது. அன்றே தலைமை அலுவலகத்துக்கு ரெலிபோன் அடித்துச் சொல்லிப் புது நோட்டு வரவழைத்தார்.

செய்தியைப் பரப்பும் வேலையைச் சந்திரவதனாவின் புருஷன் பத்மநாதன் எடுத்துக்கொண்டான். அவனிடம் ஒரு வேலையைக் கொடுத்தால் இரண்டு மடங்காகச் செய்வான். அதுதான் அவனுடைய குணமும், குறையும். கொழும்புக் கோட்டை ஸ்ரேஷனில் டிக்கட் கொடுத்தவன், இப்போது பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இரவு வேலை. இரண்டு நாளாக நித்திரை கொள்ளாமல் ரெலிபோனைப் பிடித்தபடி இருந்தான். பிறக்கப்போவது அட்சய வருஷம், குறைவில்லாத வருஷம், ஓர்மிஸ்டன் நோட்டால் தொடங்குங்கோ என்று எல்லோருக்கும் சொன்னான். எங்கள் ஆட்கள் ஆறுதலாக, நேரம் கழித்து வெளிக்கிடுகிறவர்கள் என்று தெரிந்தவன், தன் பாட்டில் ஒன்றையும் சேர்த்துக்கொண்டான். மத்தியானத்துக்குப் பிறகு புது நோட்டு கிடைக்காது என்றான்.

அதனால் எல்லோரும் காலையிலேயே வந்தார்கள்.

*

சனிக்கிழமை நல்ல குளிர். ஓர்மிஸ்டன் கதவு திறக்க முன்பே வாசலில் சனம். திறந்ததும் உள்ளே நெரிசல். சீலைக்கு மேல் கோட், கோட்டுக்கு மேல் மஃப்ளர், கையில் பிள்ளை. சந்திரவதனாவுக்கு மனம் நிறைந்துபோயிற்று. பக்கத்துக் கவுண்டரில் நின்ற கிளடிஸ், ஓர்மிஸ்டன் தொடங்கிய நாளிலிருந்து வேலை செய்கிற வெள்ளைக்கார அம்மா, கதவு மூட முடியாமல் குளிர் உள்ளே வருகிறது என்று முணுமுணுத்தாள். அவ்வளவுதான் அவள் சொன்னது.

பத்மநாதனின் காதில் அது விழுந்துவிட்டது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேரே அங்கே வந்து நின்றவன் அவன். உடனே கையை விரித்துக்கொண்டு எல்லோரையும் வெளியே நடைபாதைக்குக் கொண்டுபோனான். ஒருவர் பின் ஒருவராக, சுவரோரமாக, டோனட் கடையைத் தாண்டித் தெருமூலை வரை நிறுத்தினான். கோட்டை ஸ்ரேஷனில் அவனுக்கு முன்னால் நின்ற வரிசைகள் எல்லாம் குலைந்த வரிசைகள். இது குலையாத வரிசை. இடையில் புகுந்தவரைப் பின்னால் அனுப்பினான்.

"வெள்ளைக்காரர் பாக்கட்டும், எங்கடை ஆக்களுக்கும் லைனிலை நிக்கத் தெரியும் எண்டு," என்றான்.

வெள்ளைக்காரர் பார்த்தார்கள்.

வழக்கம்போல் உள்ளே நெரிபட்டுக்கொண்டு நின்றிருந்தால் ஒரு குருவிகூடத் திரும்பிப் பார்த்திருக்காது. ஒரு சின்ன ட்ரஸ்ட் கொம்பனியின் வாசலிலிருந்து தெருமூலை வரை, சனிக்கிழமை காலையில், வாய் பேசாத ஒழுங்கான வரிசை. போன இலையுதிர் காலத்தில், மூடப்போன அந்த இரண்டு வங்கிகளின் வாசலில் இதே போன்ற வரிசையை எல்லோரும் ரீவியில் பார்த்திருந்தார்கள்.

கடைக்குப் போய்விட்டுத் தள்ளுவண்டியோடு வந்த ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா நின்றாள். இருபது வருஷமாக ஓர்மிஸ்டனில் காசு வைத்திருப்பவள். வரிசையின் கடைசியில் நின்றவரிடம் என்ன விஷயம் என்று கேட்டாள். கடைசியில் நின்றவர் குஞ்சித்தம்பி, மட்டக்களப்பு மனிதர், ஒரு ஹொட்டேல் சமையலறையில் வேலை. கேட்டதற்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறவர். தன்னிடமிருந்த ஆங்கிலத்தை ஒன்று சேர்த்துச் சொன்னார்: எல்லோரும் காசு எடுக்கிறோம். இன்றைக்கே எடுக்க வேண்டும். திங்கட்கிழமை எடுத்தால் கூடாது.

ஒரு சொல்லும் பொய் இல்லை. கைவிசேஷம் கொடுப்பதைத் தவிர, வருஷம் பிறந்த அன்று இருப்பிலிருந்து காசை எடுக்கக் கூடாது என்பது எங்கள் வீடுகளில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும்.

அந்த அம்மா தள்ளுவண்டியை மதிலோரம் விட்டுவிட்டு, அவருக்குப் பின்னால் வரிசையில் நின்றுகொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவளுக்குப் பின்னால் ஒரு கிழவர். பிறகு ஒரு தம்பதி. டோனட் கடையிலிருந்து ஒருவர் கோப்பிக் கோப்பையோடு எழும்பி வந்தார்.

*

எதிர்ப் பக்கத்தில் ரதி கவுண்டரில் நின்றாள். அந்த நேரத்தில் அங்கே ஆளில்லை. அத்தான் கையை விரித்துச் சனத்தை ஒழுங்குபடுத்துவதைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. புது நோட்டுக்குத்தான் நிற்கிறார்கள் என்று பார்த்தவுடனேயே விளங்கிவிட்டது. போன வருஷம் அக்காவோடு சேர்ந்து அவளும் நோட்டுக்கு அலைந்தவள்தானே. இந்த வருஷம் தன்னைக் கூப்பிட ஆளில்லை என்று நினைத்தபோது சிரிப்பு நின்றுபோயிற்று.

மனேஜர் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அந்தச் சனத்தை உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். காசு எடுக்கிறார்களா என்று கேட்டார். ஓம், எடுக்கிறார்கள் என்றாள்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்காததை நான் ஏன் சொல்ல வேண்டும் என்று அவளுக்குள் ஒரு வீம்பு வந்தது. ஒரு வசனம் போதும், கைவிசேஷம் என்றால் என்ன என்று ஒரு வசனம். அவள் சொல்லவில்லை. மனேஜர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ரெலிபோனை எடுத்தார். யாருக்கு எடுத்தார் என்று எனக்குத் தெரியாது. ஆளைத் தெரியாமல் குற்றம் சொல்ல மாட்டேன். மத்தியானத்துக்கு முன்பே, ஓர்மிஸ்டன் தடுமாறுகிறது, சனம் காசை எடுக்கிறது என்று றேடியோவில் செய்தி வந்துவிட்டது என்பது மட்டும் தெரியும்.

வரிசையில் வெள்ளை முகங்கள் கூடக்கூட ரதி கண்ணாடிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள். விஷயம் பிசகிவிட்டது என்று விளங்கி, ஓடிப்போய் அக்காவுக்குச் சொல்லுவோம் என்று கோட்டைக் கையில் எடுத்தாள். அதற்குள் வாசல் திறந்தது. எதிர்ப் பக்கத்தில் காசை எடுத்தவர்கள் அதைப் போடுவதற்கு இங்கே வரத் தொடங்கியிருந்தார்கள். இப்போதுதான் நீ தேவை, நில்லு என்றார் மனேஜர். ரதி கோட்டை வைத்துவிட்டு நின்றாள்.

அதன்பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். ஓர்மிஸ்டன் பெயர் அச்சடித்த பழுப்பு உறைகள். உறைகளின் மூலையில் பென்சிலால் எழுதிய தொகை. அந்த எழுத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அவளுடைய கொப்பிகளுக்கெல்லாம் பெயர் எழுதிக் கொடுத்த எழுத்து. அக்கா எண்ணிக் கொடுத்த காசைத் தங்கச்சி வாங்கி எண்ணி லாச்சிக்குள் வைத்தாள். பின்னேரம் வரை அதுதான் அவளுடைய வேலை.

*

சந்திரவதனா நின்ற இடத்திலிருந்து சுவரோரமாக நின்ற வரிசை தெரியாது. முதலில் ஒரு வெள்ளைக்கார அம்மா வந்து கணக்கை மூடவேண்டும் என்றாள். கிழமைக்கு நாலு பேர் போகிறவர்கள்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அடுத்தவரும் மூடவேண்டும் என்றார். அதற்கடுத்தவரும். கிளடிஸ் அவளைத் திரும்பிப் பார்த்தாள். பேனாட் அறையிலிருந்து வந்து வாசலுக்குப் போனார்.

பேனாட் வெளியே நின்று ஆங்கிலத்தில் எல்லோருக்கும் விளக்கினார். இது எங்கள் நாட்டுப் புதுவருஷம், இவர்கள் புது நோட்டு வாங்க வந்தவர்கள், உங்கள் காசுக்கு ஒரு குறையும் இல்லை என்றார். வருஷம் ஜனவரியில்தானே பிறந்தது என்று ஒருவர் கேட்டார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. மனேஜரே வெளியே வந்து ஒன்றுமில்லை என்று சொல்லுகிறார் என்றால் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

சந்திரவதனாவுக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கியது. கை தன் பாட்டில் எண்ணிக்கொண்டிருந்தது.

குஞ்சித்தம்பிக்கும் விளங்கிவிட்டது. வாங்கிய இருபது டொலரைத் திரும்பக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்து, இதைப் போட்டுவிடுங்கள் பிள்ளை, எனக்கு நோட்டு வேண்டாம் என்றார். அந்த இருபது டொலரால் ஒன்றும் ஆகாது என்று அவருக்கும் தெரியும். சந்திரவதனா அதை வாங்கி, அவருடைய புத்தகத்தில் பதிந்து கொடுத்தாள்.

அவளை உடைத்தது வெள்ளைக்காரர் அல்ல. நோட்டுக்கு வந்த எங்கள் ஆட்களே மெல்ல மெல்ல மனம் மாறத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரன் சும்மா நிற்பானா, அவனுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று வரிசைக்குள் பேச்சு அடிபட்டது. பத்மநாதன் ஒவ்வொருவராகப் பிடித்து மன்றாடினான். சிலர் நின்றார்கள். பலர் நிற்கவில்லை.

சாமித்தம்பி கவுண்டருக்கு வந்தார். சந்திரவதனா அந்த வேலைக்கு வந்த கிழமை முதன்முதலாகக் கணக்குத் திறந்தவர் அவர். அவளுடைய முகத்துக்காக நாலு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்தவர். புத்தகத்தை முன்னால் வைத்து, எல்லாவற்றையும் எடுக்கப்போவதாகச் சொன்னார். அண்ணை, இது எங்கள் நோட்டு வரிசையால் வந்த பிழை, காசு பத்திரம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அவர் சொன்னார்:

"கோவிக்காதையும் தங்கச்சி. எண்பத்து மூண்டிலை வெள்ளவத்தையிலை பாங்க் புத்தகத்தைக்கூட எடுக்காமல் ஓடினனான். இன்னொருக்கா ஏலாது."

அவரைப் பிழை சொல்ல யாருக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை. சந்திரவதனா எண்ணிக் கொடுத்தாள். எண்ணும்போது கண் மறைத்தது. இரண்டு தடவை திரும்ப எண்ண வேண்டியிருந்தது.

காசு முடிந்தபோது பேனாட் காசோலை எழுதிக் கொடுக்கத் தொடங்கினார். கதவை முன்னதாக மூடச் சொல்லிக் கிளடிஸ் கேட்டாள். அவர் மறுத்துவிட்டார். மூடினால் றேடியோ சொன்னது உண்மையாகிவிடும் என்றார். மூடுகிற நேரம் வரை நின்று, கடைசி ஆளுக்கும் எழுதிக் கொடுத்து, நன்றி சொல்லி அனுப்பினார். அதற்குள் லிண்ட்சியிலும் பீற்றர்பரோவிலும் ஓர்மிஸ்டன் வாசல்களில் சனம் நிற்பதாகத் தகவல் வந்திருந்தது. அங்கே ஒரு தமிழனும் கிடையாது.

பிறகு கிழவர் ஓர்மிஸ்டன் ரெலிபோனில் வந்தார். பேனாட் அதிகம் பேசவில்லை. யெஸ் சேர், யெஸ் சேர் என்று மட்டும் கேட்டது. ரெலிபோனை வைத்துவிட்டு வெளியே வந்து, கிழவர் எதிர்ப் பக்கத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டார், திங்கட்கிழமை கையெழுத்து என்றார்.

சந்திரவதனா அவர் முன்னால் போய் நின்றாள். என்னாலேதான் வந்தது என்றாள்.

"நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க புள்ள," என்றார் பேனாட். "நானும்தானே நோட்டுக்கு ஓடர் குடுத்தன்."

அவர் ஏசியிருந்தால் நன்றாயிருக்கும் என்று அவளுக்கு இருந்தது.

*

கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். மதிலோரம் பத்மநாதன் குந்திக்கொண்டு இருந்தான். இரண்டு நாள் நித்திரையில்லாத முகம். அவளைக் கண்டதும் எழும்பி, நான் உள்ளேயே நிற்க விட்டிருக்கலாம் வதனா என்றான். அவள் அவனுடைய தோளைத் தொட்டுவிட்டு, கொஞ்சம் பொறுங்கோ, வாறன் என்று வீதியைக் கடந்தாள். மூன்று கிழமையாகக் கடக்காத வீதி.

ரதி வேலை முடிந்து பாங்க் வாசலில் நின்றிருந்தாள். அக்கா வருவதைக் கண்டும் அசையவில்லை. இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள்.

"காலமை உன்ரை மனேஜர் எங்களைப் பாத்துக்கொண்டு நிண்டவராம், அத்தான் சொன்னார். உன்னட்டை ஒண்டும் கேக்கேல்லையோ?"

"கேட்டவர். காசு எடுக்கினமோ எண்டு கேட்டவர். ஓம் எண்டனான்."

"ஏன் எண்டு சொல்லேல்லையோ?"

"இல்லை."

சந்திரவதனாவுக்குக் கையை ஓங்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது. வந்த ஆத்திரம் பாதியில் நின்றது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை ரெலிபோனை எடுத்து, சனிக்கிழமை புது நோட்டு கொடுக்கிறோம், உனக்கும் எடுத்து வைக்கட்டோ என்று கேட்டிருந்தால் இவள் காலையிலேயே ஓடி வந்திருப்பாள். ரெலிபோன் பக்கத்தில்தான் இருந்தது. சந்திரவதனாவுக்குத் தெரிந்த, ரதி வீட்டு நம்பர் ஒன்றைத் தவிர மற்ற எல்லா நம்பருக்கும் பத்மநாதன் எடுத்திருந்தான்.

"நான் எடுத்துக் கதைச்சிருக்க வேணும்," என்றாள் சந்திரவதனா.

ரதி அழத் தொடங்கினாள். அழுதுகொண்டே மிச்சத்தையும் சொன்னாள். கொஞ்ச நேரத்துக்கு முன்னர் மனேஜர் அவளை அறைக்குக் கூப்பிட்டிருக்கிறார். இரண்டு கிளையும் ஒன்றாகப் போகிறது, தமிழுக்கு ஓராள் போதும், அது நீதான் என்று சொல்லியிருக்கிறார். பிறகு ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். எதிர்ப் பக்கத்தில் கவுண்டரில் நிற்கும் தமிழ்ப் பெண்ணை உனக்குத் தெரியுமா? இங்கே நடப்பதை அங்கே போய்ச் சொல்லுகிறவர்கள் தனக்கு வேண்டாம், அதனால்தான் கேட்கிறேன் என்றிருக்கிறார்.

"நீ என்ன சொன்னனி?"

"தெரியாது எண்டிட்டன் அக்கா. கண்டதுகூட இல்லை எண்டிட்டன்."

சந்திரவதனா தங்கச்சியின் முகத்தையே பார்த்தாள். சொன்னது குத்தியது, நன்றாகக் குத்தியது. ஆனால் இன்று முழுக்க அவள் காப்பாற்றப் புறப்பட்டதில் மிஞ்சியிருப்பது இந்த ஒரு வேலைதான். அது ரதியின் கையில் இருக்கிறது. அது போனால் வழக்கும் ஆட்டம் காணும். கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து ரதியிடம் கொடுத்தாள்.

"அப்ப தெரியாதெண்டே இருக்கட்டும். உன்ரை கேஸ் முடியுமட்டும் நான் உனக்கு ஆருமில்லை. விளங்குதோ? இந்தப் பக்கம் இனி நான் வரமாட்டன்."

ரதி தலையை ஆட்டினாள். பின்னால் பாங்கின் கண்ணாடிக் கதவு திறந்தது. மனேஜர் வெளியே வந்து, கதவைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்தார். சந்திரவதனா முகத்தைத் திருப்பிக்கொண்டு, பஸ்ஸுக்கு நிற்கிற யாரோ மாதிரி இரண்டடி தள்ளி நின்றாள்.

வீதியின் அந்தப் பக்கத்திலிருந்து பத்மநாதன் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று கிழமைக்குப் பிறகு அக்காவும் தங்கச்சியும் ஒன்றாக நின்று கதைத்ததையும், அக்கா கைக்குட்டை கொடுத்ததையும் கண்டுவிட்டான். இந்தப் பொல்லாத நாளில் நடந்த ஒரே நல்ல காரியம் அது. கார் வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் ஓடி வந்தான். வந்தவனுக்கு, அங்கே நின்ற மனேஜருக்கு ஒரு வணக்கம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காலையில் நடந்ததால் எங்களைப் பற்றித் தவறாக நினைத்திருப்பார், அதையும் மாற்ற வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும்.

கையை நீட்டி, கோட்டை ஸ்ரேஷனில் பெரிய துரைமாருக்குப் பேசிய ஆங்கிலத்தில் தன் பெயரைச் சொன்னான். இது என் மனைவி, ஓர்மிஸ்டனில் வேலை செய்கிறவள் என்றான். மற்றக் கையால் ரதியைக் காட்டி, இவள் அவளுடைய சொந்தத் தங்கை, இரண்டு பேரும் ஒரே தாயின் பிள்ளைகள் என்று பெருமையோடு விளக்கினான்.

மனேஜர் அவனுடைய கையைக் குலுக்கினார். பிறகு ரதியைப் பார்த்து, திங்கட்கிழமை வந்ததும் முதல் வேலையாகத் தன் அறைக்கு வரும்படி சொன்னார்.